சமுதாயக் கல்லூரியும் தொழில்திறனும்: புதுக்கோட்டை மாவட்டம்

சமுதாயக் கல்லூரி: பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள் ஆகியோருக்கு, தம் வட்டாரத்தில் கிடைக்கக்கூடிய வேலையை ஒட்டிய படிப்பைக் குறைந்த கட்டணத்தில், குறுகிய காலத்தில் தரும் கல்வி நிறுவனம். பெரும்பாலும் 6 மாதச் சான்றிதழ், ஓராண்டுப் பட்டயம், ஈராண்டு மேல்நிலைப் பட்டயம் எனப் படிப்புகள் அமையும். ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்), பாலிடெக்னிக் ஆகியவற்றின் பாடத்திட்டம் மேலிருந்து வருவது. சமுதாயக் கல்லூரியின் பாடம் உள்ளூர்த் தொழிலைப் பார்த்து எழுதப்பட வேண்டியது. சேர்க்கைத் தகுதியும் தளர்வாக இருக்க வேண்டும் என்பது மூலக் கருத்து. இந்த இரண்டும் எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டனவோ அந்த அளவுக்கே ஒரு வட்டாரத்துக்கு அதனால் பயன் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் வெளிநாட்டுக் கட்டுமானத் தளங்களுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

தோற்றம்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி இவ்வகையின் முன்னோடி. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் படிப்பை ஊரிலேயே தருவதுதான் அதன் தொடக்க நோக்கம். தொழிற்கல்வி பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களுக்குப் படிப்பும் வேலையும் தேவைப்பட்ட நேரத்தில், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது. அதன் பிறகே அவை பெருகின.

இந்தியாவில்

இந்தக் கருத்து அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன்பே இந்தியாவில் அதற்கு நெருக்கமான ஒன்று இருந்தது. 1978-79-இல் தொடங்கிய சமுதாய பாலிடெக்னிக் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட பாலிடெக்னிக்குகள் சுற்றுக் கிராமங்களில் 3 முதல் 6 மாதப் பயிற்சிகளை இலவசமாக நடத்தின. வயது வரம்பில்லை, படிப்புத் தகுதி கேட்பதில்லை. கல்விக் கொள்கையைப் பற்றிய பேச்சில் அதிகம் இடம்பெறாத இத்திட்டம்தான், பிற்காலத்தில் வந்த பலவற்றைக் காட்டிலும் கதவை அகலத் திறந்து வைத்தது.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரிலேயே முதலில் தொடங்கியது புதுவைப் பல்கலைக்கழகம், 1995-இல். அடுத்த ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. இயேசு சபைக் கல்வியாளர் சேவியர் அல்போன்ஸின் முயற்சியால் 1999-இல் சென்னையில் இதற்கென ஓர் ஆய்வு, வளர்ச்சி மையம் அமைந்தது. பாடத்திட்டம் எழுதவும் ஆசிரியர்களைப் பழக்கவும் தொண்டு நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது அந்த மையம். அது வகுத்த ஓராண்டுப் படிப்பில் வாழ்க்கைத் திறன், தொழில்திறன், தொழிலகத்தில் நேரடிப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் என நான்கு பகுதிகள் உண்டு. மாணவரை மதிப்பிடும்போது ஆசிரியரோடு தொழிலக மேற்பார்வையாளருக்கும் பங்கு இருந்தது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், பள்ளியை இடையில் விட்ட பெண்கள், தலித் குடும்பங்களின் முதல் தலைமுறை மாணவர்கள் ஆகியோரே இந்தக் கல்லூரிகள் தேடிப்போனவர்கள்.

2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்துப் பட்டயம் வழங்க முன்வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் முத்திரை கிடைத்ததும், சிறு அறக்கட்டளைகளும் கிராமப்புறத் தொண்டு நிறுவனங்களும் துணிந்து இறங்கின. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கி, நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அது நிறுத்தப்பட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள்தாம்.

12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு இதைக் கையில் எடுத்தது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தங்கள் வளாகத்துக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தலாம், நிதி ஒதுக்கப்படும். பருவத்துக்கு 30 மதிப்பலகு (கிரெடிட்). அதில் 18 தொழில்திறனுக்கு, 12 பொதுக்கல்விக்கு. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் படிநிலைகளோடு சான்றிதழ்கள் பொருத்தப்பட்டன. 2014-இல் வந்த மூன்றாண்டு பி.வோக். (இளநிலைத் தொழிற்கல்வி) பட்டம் இந்த ஏணியின் மேல்படி. காகிதத்தில் இது முன்பிருந்ததைவிட ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் இத்திட்டத்தின் இலக்கு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். எட்டாவதோடும் பத்தாவதோடும் நின்றவர்களுக்காகப் பிறந்த கல்லூரி, நிதி கிடைத்த நாளில் அவர்களைக் கடந்து போய்விட்டது.

புதுக்கோட்டை: தொழில் நிலை

1948 வரை தனி சமஸ்தானமாக இருந்து, 1974 ஜனவரி 14 அன்று தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவானது இன்றைய மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16,18,345. ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். காவிரி நீர் எட்டிப்பார்க்கும் சிறு பகுதியை விட்டால் கண்மாயும் ஆழ்குழாய்க் கிணறும்தான் விவசாயம். நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரி, ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து உடைப்பது, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் பூவும், கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடிப்பு.

தொழிற்சாலை என்றால் வடக்கும் வடமேற்கும்தான். திருச்சி - புதுக்கோட்டை சாலையில் உள்ள மாத்தூர் தொழிற்பேட்டை, 1960-களில் திருவெறும்பூரில் வந்த பொதுத்துறை பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளால் ஆனது. திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் உள்ள விராலிமலையில் ரானே குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலை, ஐ.டி.சி.யின் ஆலை ஆகியவை இருக்கின்றன. இலுப்பூர், அன்னவாசல், கீரனூர் ஊர்களிலிருந்து ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் இந்தச் சாலைகளில் வழக்கமான காட்சி.

முன்னோடி: அறிவொளி

மாவட்டத்தில் சமுதாயக் கல்லூரியின் மூலக் கருத்துக்கு மிக அருகில் வந்த முயற்சி எந்தக் கல்லூரியிலும் நடக்கவில்லை. 1991-இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தறிவு வகுப்போடு சைக்கிள் ஓட்டுவதும் சேர்ந்தது. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செயற்கைக் கல் பட்டை தீட்டும் பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் கல்குவாரிகள் பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இவை இரண்டையும் எழுதி நாடறியச் செய்தார்.

சைக்கிளை விடுதலையின் சின்னமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. தொழிற்கல்விக் கோணத்தில் பார்த்தால் வேறு சில பாடங்கள் கிடைக்கும். பயிற்சி நேரம் கூலி வேலை முடிந்த பிறகு வைக்கப்பட்டது. சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். கற்றதன் பலன் மறுநாளே தெரிந்தது: பஸ்ஸுக்குக் காத்திராமல் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், தண்ணீர் எடுத்து வரலாம். குவாரியைக் கையில் எடுத்த பெண்களோ கணக்கு, கூலிப் பட்டுவாடா, லாரிக்காரரோடு பேரம் என நிர்வாகத்தையே வேலைக்கிடையில் பழகினார்கள். பின்னர் தொடர்கல்வி மையங்கள் நடந்தன. ஆனால் அவை தொழிற்சான்றிதழ் தரும் இடங்களாக வளரவில்லை. அறிவொளி திறந்த வழியில் ஒரு சமுதாயக் கல்லூரி நின்றிருந்தால் மாவட்டத்தின் தொழில் வரலாறு மாறியிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

பட்டறையும் வெல்டிங்கும்

மாத்தூரிலும் பக்கத்துத் திருச்சி மாவட்டத்தின் துவாக்குடியிலும் உள்ள பட்டறைகளில் வெல்டிங் பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. ஹெல்பராகச் சேர்ந்து கிரைண்டர் பிடித்து, கசடு தட்டி, மதிய இடைவேளையில் துண்டுத் தகட்டில் ராடு (வெல்டிங் குச்சி) ஓட்டிப் பழகி, இரண்டு மூன்று ஆண்டில் வெல்டர் ஆகிவிடுகிறார் பையன். சாதாரண கேட், கிரில் வேலைக்கு இது போதும். கொதிகலன் குழாய்க்குப் போதாது.

உயர் அழுத்தக் குழாய் வேலைக்கு வைக்கும் 6ஜி தேர்வில், இரண்டு குழாய்த் துண்டுகளை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கம் தலைக்கு மேலே கை தூக்கி ஓட்டுவது, பக்கவாட்டில் ஏறுவது, மேலே படுக்கையாக முடிப்பது எல்லாம் ஒரே மூட்டில் வந்துவிடும். முதல் அடுக்கான ரூட் பாஸை டிக் (டங்ஸ்டன் மந்தவாயு) முறையில் போட்டு, மேல் அடுக்குகளை 7018 ராடால் நிரப்புவது வழக்கம். அந்த ராடை அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்டால் உருகிய உலோகத்தில் ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசல் விடும். முடிந்த மூட்டு எக்ஸ்ரேவுக்குப் போகும். உள்ளே கசடு மாட்டியிருந்தாலோ, காற்றுக் குமிழி இருந்தாலோ, விளிம்பு உருகிச் சேராமல் போயிருந்தாலோ படத்தில் தெரிந்துவிடும். இந்தியக் கொதிகலன் விதிகளின்படி (ஐ.பி.ஆர்.) தேறியவருக்குத் தரும் சான்று 2 ஆண்டு செல்லும்.

பையன் பட்டறையில் கற்றதில் ராடு ஓட்டுவது இருக்கும். ராடை ஏன் உலர்த்த வேண்டும் என்பது இருக்காது. வரைபடம் வாசிக்கவோ, வெல்டிங் முறைக் குறிப்பேட்டைப் புரிந்துகொள்ளவோ அங்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. 1975 முதல் பெல் வளாகத்திலேயே இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் முதன்மையான பயிற்சி இடங்களுள் ஒன்று. மாத்தூரிலிருந்து அது பக்கம்தான். ஆனால் பத்தாவது தவறி, தினக்கூலியில் இருப்பவரை அங்கே கொண்டுசேர்க்கும் இடைப்படி எதுவும் இல்லை. சமுதாயக் கல்லூரி நிரப்ப வேண்டிய இடைவெளி துல்லியமாக இதுதான்: மாலை வகுப்பு, ஆறு மாதம், கையில் தொழில் உள்ளவருக்குக் கோட்பாடும் சான்றும்.

அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்த பிறகு கொதிகலன் துணைப் பட்டறைகள் பல தள்ளாடின. ஒரே வேலையைப் பழக்கத்தால் மட்டும் கற்றவர் வேறு துறைக்கு மாறத் திணறுவார் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

சிங்கப்பூர் டெஸ்ட்

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், ஆலங்குடிப் பக்கத்து ஊர்களில் தொழில்திறன் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது "சிங்கப்பூர் டெஸ்ட்". சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கான அனுமதிச் சீட்டு பெற, அந்நாட்டுக் கட்டடக் கட்டுமான ஆணையம் ஏற்ற மையத்தில் திறன் தேர்வில் தேற வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய மையங்கள் உள்ளன. டைல்ஸ் பதிப்பது, கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, வயரிங், பிளம்பிங், வெல்டிங் என்று ஏதாவது ஒரு பிரிவில் செய்முறையும் அறிவுத் தேர்வும் உண்டு. பயிற்சி, தேர்வு, முகவர் என்று எல்லாம் சேர்த்துச் செலவு லட்சங்களில் போகிறது; நகையை அடகு வைத்தும் நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கியும் கட்டுகிறார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. உள்ளூரில் அரசு இலவசமாக நடத்தும் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது சிரமம். இதற்கோ கடன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். காரணம் எளிது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு வேலையும் சம்பளமும் உறுதியாகத் தெரிகிறது. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டே மேல்நிலைத் திறன் பெற்றால் முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய தொழிலாளர் தீர்வை குறைகிறது. அதனால் ஆளை மேலே ஏற்றுவதில் முதலாளிக்கே அக்கறை. நம் ஊரில் சான்றிதழ் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் கூலியில் வித்தியாசம் காட்டும் பட்டறைகள் குறைவு. வித்தியாசம் இல்லாதபோது ஆறு மாதம் வகுப்பில் உட்காருவானேன் என்று பையன் கேட்பது நியாயமான கேள்வி.

இப்போது உள்ள நிறுவனங்கள்

மாவட்டத்தில் தொழில்திறன் கல்வி ஒரே கூரையின் கீழ் இல்லை. பல நிறுவனங்கள் பகிர்ந்து செய்கின்றன. புதுக்கோட்டையில் அரசு ஐ.டி.ஐ., அறந்தாங்கியில் அரசு பாலிடெக்னிக், வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம், முன்னோடி வங்கியான இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் ஆகியவை பொதுத்துறையில் உள்ளவை. கீரனூர்ப் பக்கம் மூகாம்பிகை, லேணாவிளக்கில் மவுண்ட் சீயோன் போன்ற தனியார் பொறியியல் கல்லூரிகளும் உண்டு. 1880-இல் கல்லூரியான மன்னர் கல்லூரியும், 1969-இல் வந்த அரசு மகளிர் கல்லூரியும் கலை, அறிவியல் பட்டத்துக்கானவை.

இவற்றில் எட்டாவது தேறியவருக்கு முறையான கதவு ஐ.டி.ஐ.தான், அதிலும் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகள் மட்டும். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் மாநிலத் திட்டமும் கருவிகளையும் பாடங்களையும் புதுப்பித்திருக்கின்றன. ஆனால் ஐ.டி.ஐ. பகல்நேர நிறுவனம். குடும்பத்தைத் தாங்கும் 25 வயதுக்காரருக்கும், குழந்தையை விட்டு வர முடியாத பெண்ணுக்கும் அது பொருந்தாது.

பாடம் எதுவாக இருக்கலாம்

உள்ளூரைப் பார்த்துப் பாடம் எழுதுவது என்றால் புதுக்கோட்டைக்கு ஒரே பட்டியல் போதாது. கடற்கரையில் விசைப்படகு டீசல் எஞ்சின், நாட்டுப்படகின் அவுட்போர்டு மோட்டார், ஜி.பி.எஸ்., மீன் தேடும் எக்கோ கருவி, ஐஸ் பிளான்ட் குளிரூட்டி ஆகியவற்றின் பழுதுபார்ப்பு. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் நீர்மூழ்கி மோட்டார் ரீவைண்டிங், சொட்டுநீர் அமைப்பு, சூரியசக்திப் பம்பு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியில் தென்னந்தோப்புகளும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் மின்பணியாளர்கள் வந்து வாரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கம்பம் நடவும், லைன் இழுக்கவும், இயந்திர வாளால் பாதுகாப்பாக மரம் அறுக்கவும் தெரிந்தவர்கள் ஒன்றியத்துக்கு ஐம்பது பேர் இருந்திருந்தால் அந்த இருட்டு நாட்கள் குறைந்திருக்கும். விராலிமலைக்குத் தேவை வேறு: பேக்கிங் இயந்திரப் பராமரிப்பு, சி.என்.சி. இயக்கம், தர அளவீடு.

ஆசிரியர் யார் என்பது பாடத்தைவிடப் பெரிய சிக்கல். பல்கலைக்கழக விதிகள் முதுகலைப் பட்டம் கேட்கும். பட்டம் பெற்றவர் ராடு பிடித்திருக்க மாட்டார். முப்பது ஆண்டு பெல் துணைப் பட்டறையில் இருந்த ஃபோர்மேனுக்குப் பட்டம் இருக்காது. சமுதாயக் கல்லூரி விதிகள் தொழிலில் உள்ளவர்களைப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்த இடம் தருகின்றன. மணிநேர மதிப்பூதியம்தான் அவர்களை இழுக்கும் அளவுக்கு இருப்பதில்லை. செய்முறைக்கான செலவும் இப்படியே. வெல்டிங் பழக ராடும் தகடும் எரிவாயுவும் தினமும் தீர்ந்துகொண்டே இருக்கும். கட்டணத்தைக் குறைத்து, மானியமும் வராவிட்டால் முதலில் வெட்டு விழுவது இதில்தான். வகுப்பு கரும்பலகையோடு முடிந்துவிடும்.

சான்றின் மதிப்பு

கொதிகலன் வெல்டருக்கு ஐ.பி.ஆர்., கட்டுமானத் தொழிலாளிக்குச் சிங்கப்பூர் டெஸ்ட், வயர்மேனுக்கு மாநில உரிமம் என வேலை தருபவர் கேட்கும் தேர்வுகள் கல்லூரிக்கு வெளியே உள்ளன. சமுதாயக் கல்லூரியின் பட்டயம் எதற்கும் மாற்றாகாது. ஆகவே தன் தேர்வை நடத்திப் பட்டயம் கொடுப்பதோடு நிற்கும் கல்லூரியைவிட, மாணவரை இந்த வெளித் தேர்வுகளுக்குத் தயார் செய்யும் கல்லூரியே பயனுள்ளது. முகவருக்குப் போகும் லட்சங்களில் ஒரு பகுதி மிஞ்சினாலே குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் ஏற்பு முறை பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. மாத்தூர் போன்ற இடங்களில் அதை விரிவாக நடத்துவது வகுப்பு நடத்துவதைவிட விரைவான பலன் தரும். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்த மதிப்பலகு வங்கி, இடையில் நின்றவர் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்கிறது. பன்னிரண்டாவது முடித்தவருக்கு இது உடனே கைகொடுக்கும்; பத்தாவதைத் தாண்டாதவருக்கு முதற்படி இன்னும் வைக்கப்படவில்லை.

சேருமுன் பார்க்க வேண்டியவை

சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் விளம்பரம் செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் நடப்பில் ஏற்பு இருக்கும் என்று கொள்ளக் கூடாது. முன்பு அனுமதி தந்த திட்டங்கள் சில நின்றுவிட்டன. சான்றிதழில் கையெழுத்திடுவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம், அதன் ஏற்பு இந்த ஆண்டுக்கு உண்டா, திறன் கட்டமைப்பில் எந்தப் படிநிலை, செய்முறைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், பயிற்சிக்கு அனுப்பும் தொழிலகம் எது என்பவற்றைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.